தளேகாவ் கடையில் இரண்டு குழாய்கள்

இட்லிப் பானையின் அடியில் படிந்த வெள்ளைப் படலம்தான் முதலில் என் கண்ணில் பட்டது. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிரும். புனேயில், கட்கி பகுதியில் எங்கள் வீட்டுக்கு வருவது போர்வெல் தண்ணீர். அம்மா அரைத்து விற்கும் மாவு கரிக்கிறது என்று கராடியில் மூன்று வீடுகள் வாங்குவதை நிறுத்திவிட்டன. மற்றவர்களும் நிறுத்துவதற்குள் தண்ணீரின் உப்பைப் பிரிக்கும் ஓர் ஆர்ஓ மெஷின் வேண்டும். அதற்காகப் போன சனிக்கிழமை தளேகாவ் போனேன். முதல் முறையாக, தனியாக!

காலை ஒன்பதரை வாக்கில் லோணாவளா லோக்கல். டிக்கெட் பத்து ரூபாய், முக்கால் மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இருபது. போகும் இடத்தைச் சொல்ல வாய் வராமல் மூன்று ஆட்டோக்களை விட்டேன்.

கடைக்காரர் ரகீம் பாய் திருநெல்வேலிப் பக்கம் மேலப்பாளையத்துக்காரர். ஃபிளாட் காலி செய்கிறவர்களின் சாமான்களை வாங்கி விற்கிறார். அம்மா போனிலேயே இரண்டாயிரத்து ஐந்நூறுக்குப் பேசி முடித்த மெஷின் கடைச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழாயில் தண்ணீர் தாராளமாகக் கொட்டியது. இன்னொன்று ஒல்லியாகச் சொட்டி வாளியில் விழுந்தது.

தண்ணீர்க் கேன் கடை அக்காவிடம் இரவல் வாங்கிய டிடிஎஸ் மீட்டரை, அதாவது உப்பின் அளவைக் காட்டும் கருவியை, கொட்டும் தண்ணீரில் வைத்தேன். 1,100. கடையின் சாதாரணக் குழாயிலோ 800தான்.

"மெஷினே தண்ணியக் கெடுக்குதே! பேசாம ஒரு மிக்ஸி எடுத்துட்டுப் போ தாயி" என்றார் பாய்.

அப்படியே திரும்பியிருப்பேன். ஆனால் மெஷின் உப்பைத் தயாரிக்காதே? உள்ளே பம்ப் தண்ணீரை அழுத்தி, மிக நுண்ணிய துளைகள் உள்ள சவ்வின் வழியே தள்ளுகிறது. தண்ணீர் புகுந்துவிடும், உப்பில் பெரும்பகுதி இந்தப் பக்கமே தங்கி, மிச்சத் தண்ணீரோடு வெளியேறும். அப்படியானால் நல்ல தண்ணீர் மெதுவாகத்தானே வரும்?

"பாய்... அந்தக் குழாய்..."

"காத்துட்டயா பேசுத? சத்தமாச் சொல்லு."

"ஒல்லிக் குழாய்ல பாக்கணும் பாய்!"

கடையே திரும்பிப் பார்த்தது. மீட்டர் காட்டியது 42!

"அடப்பாவி! எட்டு மாசமா நல்ல தண்ணியில தரையைத் தொடச்சிட்டு, உப்புத் தண்ணியில டீ போட்டுருக்கேன்!"

வாங்கப் போகிறவர்கள் இரண்டு குழாய்களையும் அளந்து பாருங்கள். உப்புக் குழாயின் தண்ணீரை வீணாக்காதீர்கள், தரை துடைக்க ஆகும். உங்கள் வீட்டில் வருவது ஏற்கெனவே நல்ல தண்ணீர் என்றால் ஆர்ஓ தேவையே இல்லை.

பாய் ஒல்லிக் குழாயிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். மெஷினைத் தடவினார்.

"இத விக்க இப்ப மனசு வரலியே தாயி."

"பேசினது பேசினதுதான் பாய். அம்மா மாவுக்கு ஊறப்போட்டுட்டு எனக்காகக் காத்திட்டிருக்காங்க."

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. பாய் சிரித்தபடி ஸ்பேனரை நீட்டினார். பணத்தைக் கொடுத்துவிட்டு நானே மெஷினைக் கழற்றி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, வந்த முதல் ஆட்டோவை நிறுத்தினேன்.