வார்டுக்குள் ஓடிய ரயில்

அறுபதுகளின் நடுவில் பம்பாயில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மாட்டுங்காவில் வீடு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. காசநோய் வந்த என் அண்ணாவை ஊர் ஓரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காலை ஷிப்ட் முடிந்ததும் செம்பூர் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, ஃப்ளாஸ்க்கில் கஞ்சியோடு தினமும் போய்விடுவேன்.

அண்ணாவுக்கு அடுத்த கட்டிலில் தாராவிக்காரர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். மனைவி, குழந்தைகள் எல்லாம் ஊரில். யாருடனும் பேசமாட்டார். எனக்கு அவர் மேல் கொஞ்சம் பயம்கூட உண்டு.

ஒருநாள் வார்டு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு ஹிந்தியில் கொட்டித் தீர்த்தாள். அந்த ஆள் கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். பாத்ரூம் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறாராம். யாரோ திருட்டுத்தனமாகச் சாராயம் கொண்டுவந்து தருகிறார்கள் என்பது அவள் முடிவு. திங்கட்கிழமை வெளியே அனுப்பப் போகிறோம், அதற்குமுன் உன் பாஷையில் ஒரு தடவை கேட்டுச் சொல் என்றாள்.

என்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்த பெருமையில் கட்டில் அருகே போய் நின்றேன்.

“நீங்க குடிக்கறேளாமே, நிஜமா?”

“சரிம்மா.”

“இப்படி இருந்தா வெளில அனுப்பிடுவா. புரியறதா?”

“சரிம்மா, சரிம்மா.”

கூச்சமே இல்லாமல் ஒப்புக்கொள்கிறாரே என்று கோபம் வந்தது. சிஸ்டரிடம் போய், “ஆமாம் என்கிறார்” என்றேன். அவள் உடனே கேஸ் பேப்பரில் எழுதிக்கொண்டாள்.

திரும்பி வந்து ஃப்ளாஸ்க்கை எடுத்தபோது அவர் என்னைக் கைகாட்டி அழைத்தார்.

“எம்மா, இங்ஙன பக்கத்துல எந்த ஸ்டேசன்? ராவும் பகலும் ரயிலு ஓடிக்கிட்டே இருக்கு. தாராவியிலகூட இம்புட்டு இரைச்சல் கெடையாது. ஒறங்க முடியல.”

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தண்டவாளமே கிடையாது. செம்பூர் ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் அரை மணி குலுங்கி வந்தவள் நான்.

மறுகணம் அந்த ‘சரி’ என் காதில் வேறு மாதிரி ஒலித்தது. வெளியூர் ட்ரங்க் காலில் லைன் மோசமாக இருந்தால், எதிர்முனை பேசுவது கேட்காதவர்கள் இப்படித்தான் சரி, சரி என்பார்கள். வேலையில் தினமும் நான் கேட்கிற சொல் அது. அவருக்குப் பின்பக்கம் போய், எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போட்டேன். வார்டே திரும்பியது. அவர் மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

அண்ணா எழுந்து உட்கார்ந்துவிட்டான். “வந்த புதுசுல நன்னா பேசிண்டிருந்தார். ஊசி போட ஆரம்பிச்சு ஒரு மாசம் கழிச்சுத்தான் இப்படி ஆயிட்டார்” என்றான்.

அதே சமயம் சிஸ்டர் ஊசித் தட்டோடு வந்தாள். எனக்கு மருத்துவம் ஒன்றும் தெரியாது. டாக்டர் பார்க்காமல் இந்த ஊசி வேண்டாம் என்று கட்டிலுக்கு முன்னால் நின்றுவிட்டேன். டாக்டர் வீட்டுக்குக் கிளம்பியாயிற்று என்றாள். நான் மாடிப்படியில் ஓடினேன். செருப்பு ஒன்று கழன்று போனதுகூடத் தெரியவில்லை.

டாக்டர் கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார். “அவர் குடிக்கவில்லை, அவருக்குக் காது கேட்கவில்லை” என்று மூச்சிரைக்க இங்கிலீஷில் சொன்னேன். பின்னாலேயே வந்த சிஸ்டர், குடிப்பதாக அவரே ஒப்புக்கொண்டார் என்று சொன்னது இந்தப் பெண்தான் என்றாள்.

“நான் சொன்னது தப்பு” என்றேன். முகம் எரிந்தது.

டாக்டர் முகத்தைச் சுளித்தார். ஆனால் ரயில் இரைச்சலைப் பற்றிச் சொன்னதும் கார் கதவைச் சாத்திவிட்டார். இரண்டிரண்டு படியாக மேலே ஏறினார். நோயாளியைப் பாதம் சேர்த்து நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி ஜாடை காட்டினார். மூடிய நொடியே அவர் மரம் சாய்வதுபோல் சாய்ந்தார். டாக்டரே தாங்கிப் பிடித்தார்.

அப்புறம் கேஸ் பேப்பரை வாங்கி, ஊசியின் பெயர்மேல் கோடு போட்டார். டிஸ்சார்ஜ் குறிப்பின்மேல் இன்னொரு கோடு. அந்த மருந்து சிலருக்குக் காது நரம்பைத் தாக்கும், காதுக்குள்ளேயே ரயில் ஓடுவதுபோல் இரைச்சல் எழும், நடக்கும் நிதானமும் போய்விடும் என்று விளக்கினார். இன்னும் சில வாரம் போட்டிருந்தால் முழுச் செவிடாகியிருப்பாராம். நோய்க்கு வேறு மாத்திரைகள் இருந்தன.

அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் என்று அண்ணா சொன்னான். ஒரு காகிதத்தில் நடந்ததையெல்லாம் எழுதினேன். நான் தப்பாகச் சொன்னதையும் எழுதினேன். வாய்விட்டுப் படித்து முடித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எனக்கே தெரியல, ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நான் தண்ணியைத் தொட்டதே இல்ல, அத மட்டும் அவங்ககிட்ட சொல்லிருங்க” என்றார்.

சிஸ்டரிடம் சொன்னேன். அவள் தானாகவே தலையணையைத் தட்டிச் சரிசெய்து அவரைப் படுக்க வைத்தாள்.

அன்று பஸ்ஸில் சந்தோஷம் தாங்காமல் இரண்டு ஸ்டாப் தாண்டி இறங்கினேன். போன கேட்கும் சக்தி அவருக்கு முழுதாகத் திரும்பவில்லை. மிச்சம் இருந்தது தங்கியது. தள்ளாட்டம் மெல்லக் குறைந்தது. மறு வருஷம் நெஞ்சு சுத்தமாகி, பட்டறைக்கே வேலைக்குப் போனார்.

அதற்கப்புறம் பாஷை தெரியாத எத்தனையோ நோயாளிகளுக்காக டாக்டர்களிடம் பேசியிருக்கிறேன். வாயைத் திறக்குமுன், நோயாளி சொன்னதைச் சொல்லப் போகிறேனா, அல்லது நானாக நினைத்துக்கொண்டதையா என்று இன்றும் ஒரு நிமிஷம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.