காயமில்லாத தலை

விம்பிள்டனில் என் அக்காவின் வீட்டு வரவேற்பறையில், கதவுக்கு நேரெதிரே, பாடம் செய்யப்பட்ட கலைமான் தலையொன்று மாட்டப்பட்டிருந்தது. கிளைத்து விரிந்த கொம்புகள், கண்ணாடிக் கண்கள், கீழே ஒரு பித்தளைத் தகடு, அந்தத் தகட்டில் என் அத்தானின் பெயர். வீட்டுக்கு வருவோர் முதலில் கொம்புகளை வியப்பார்கள். பின் தகட்டை வாசிப்பார்கள். அதன்பின் தம்மையறியாமலே அவர்களின் கண்கள் அந்த நெற்றியிலும் கழுத்திலும் குண்டு பாய்ந்த இடத்தைத் தேடும். அங்கே காயம் எதுவும் இல்லை. காயம் பட்ட உடலைக் கழித்துவிட்டுப் படாத தலையை மட்டும் சுவரில் ஏற்றுவது அந்தக் கலையின் இயல்பு. அத்தான் சொல்லிவந்த கதையும் அவ்வாறே பாடம் செய்யப்பட்டது. அதை எண்ணுந்தோறும் எனக்குள் எழும் சினம், அவர் மறைந்து இத்தனை ஆண்டுகள் கழிந்தும் தணியவில்லை. தணியவேண்டும் என்று நான் விரும்பியதுமில்லை.

அத்தான் நெஞ்சறுவை மருத்துவர். யாழ்ப்பாணத்தில் படித்து, இலண்டனில் உயர்ந்தவர். சிற்றுடல், ஒடுங்கிய தோள், அக்காவின் விரல்களைவிட மெல்லிய விரல்கள். அவருடைய மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவரை வீட்டில் அவர் 'பெரியவர்' என்றே குறிப்பிடுவார். பெரியவர் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில், தாம் விரும்பிய சிலரை மட்டும் ஸ்கொட்லாந்து மலைகளுக்கு மான் வேட்டைக்கு அழைத்துச் செல்வார். எண்பதுகளின் நடுவில் அந்த அழைப்பு அத்தானுக்கும் வந்தது. அப்போது நிலையான மருத்துவ ஆலோசகர் பதவி ஒன்று காலியாக இருந்தது. பெரியவரின் ஒரு சொல்லில் அது தங்கியிருந்தது. ஆகவே அந்த அழைப்பின் பொருள் என்னவென்று அத்தானுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். நான் வட இலண்டனில், எட்மண்டனில், கணக்கு ஆசிரியன். ஓய்வு நாள்களில் ஒரு துப்பாக்கிச் சுடும் கழகத்தில் இலக்குப் பலகையைச் சுடுபவன். அதனால் துவக்கு வாங்கவும், வேட்டைக்குத் துணையாக வரவும் அத்தான் என்னையே கேட்டார்.

உரிமம் கேட்டு விண்ணப்பித்த செய்தி எப்படியோ கோயிலுக்குப் போய்விட்டது. பிரசாதம் வாங்க நின்ற வரிசையில் ஒருவர் உரத்த குரலில், "என்ன டொக்டர், துவக்கு வாங்கிறியளாம்? ஒப்பரேசனுக்குப் பயந்து ஓடுற ஆக்களைச் சுடவோ?" என்றார். வரிசை முழுதும் சிரித்தது. அத்தானும் சிரித்தார். காவல்துறை அலுவலர் வீட்டுக்கு வந்து, துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டியை அசைத்துப் பார்த்து, அக்கா கொடுத்த வடையைத் தின்று, ஒப்பம் வைத்துப் போனார். அதுவரை எல்லாம் வேடிக்கையாகவே இருந்தது.

கடை நகரின் நடுவில் இருந்தது. பச்சைக் கம்பளம் விரித்த மேசையில் கடைக்காரர் மூன்று துவக்குகளை அடுத்தடுத்து வைத்தார். முதலாவது ஆறரை மில்லிமீட்டர்; நீண்டு மெலிந்த குண்டு, காற்றில் எளிதில் விலகாதது, தோளில் மெல்லத் தட்டிவிட்டுப் போவது. இரண்டாவது அங்குலத்தில் நூற்றில் இருபத்தேழு பங்கு விட்டம். சற்று விரைவானது, சற்று உதைப்பது, அந்த மலைகளில் பலர் நம்பி எடுத்துச் செல்வது. மூன்றாவது முந்நூறு மேக்னம், மூன்றிலும் வலியது, மூன்றிலும் மிக உதைப்பது. அதன் தோட்டாவைக் கையில் எடுத்தபோதே விரல்களுக்கு அதன் திமிர் புரிந்தது. நான் முதலாவதைப் பரிந்துரைத்தேன். மானைக் கொல்வது குழலின் விட்டமன்று, குண்டு சென்று சேரும் இடம். உதைப்புக்கு அஞ்சாத தோள்தான் குண்டை அவ்விடத்தில் சேர்க்கும். ஒருவன் தன் உடலுக்கு ஏற்ற துவக்கைத் தெரிவுசெய்தால் அவனுக்குத் தொலைவு குறைகிறது. ஏற்காததைத் தெரிவுசெய்தால் கூடுகிறது. இவ்வளவும் சொன்னேன்.

அத்தான் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்ட கேள்வி இது: "எல்லாம் சரி மச்சான், பெரியவர் எதை வைச்சிருக்கிறார்?"

பெரியவர் வைத்திருந்தது முந்நூறு மேக்னம். பெரியவர் ஆறடிக்கு மேல் வளர்ந்தவர். கதவின் அகலத்துக்குத் தோள் கொண்டவர்.

"உங்கடை தோளுக்கு அது ஏலாது அத்தான்" என்றேன்.

"நீ கணக்கு வாத்தி. தூரம், காத்து, சரிவு எண்டு கணக்குப் போடுவாய். எனக்குக் கணக்குப் போடாமல் சுடுற துவக்கு வேணும். இது நேராய்ப் போகும், பார்."

எந்தக் குண்டும் நேராகப் போவதில்லை. குழலை விட்ட கணத்திலிருந்து எல்லாக் குண்டுகளும் விழுந்துகொண்டேதான் போகின்றன. சில குறைவாக, சில கூடுதலாக. ஆயினும் நான் எதிர்த்துப் பேசியது குண்டோடு அன்று, எம்மவரின் பழைய வழக்கத்தோடு. எவருடைய பிள்ளை என்ன படிக்கிறது, எவர் எந்தக் கார் வாங்கினார், எந்தத் தெருவில் வீடு பார்த்தார் என்று கேட்டபின்னரே எமக்கு எது தேவையென்று அறியும் வழக்கம் அது. எம்முடைய தெரிவுகள் எம் உடலிலிருந்து தொடங்குவதில்லை. மேலே நிற்பவரின் உடலிலிருந்து தொடங்குகின்றன. நெஞ்சைத் திறந்து மனித இதயத்தை மயிரிழை பிசகாமல் தைக்கத் தெரிந்த ஒருவர், தம் தோளெலும்பின் அளவை மறந்து அந்தத் துவக்கை வாங்கினார்.

இலண்டனை அடுத்த சரேயிலுள்ள சுடுதளத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். முதல் வெடியில் தொலைநோக்கியின் விளிம்பு அவர் புருவத்தில் மோதியது. இரண்டாம் வெடியிலிருந்து அவர் கண்ணை மூடத் தொடங்கினார். விசையை அழுத்தும் கணத்துக்குச் சற்று முன்னரே, வரப்போகும் உதையை எண்ணி அவர் உடல் முழுதும் ஒருமுறை சுருங்கியது. குண்டுகள் பலகையின் கீழ் மூலைக்கும் வெளியேயுள்ள மண்ணுக்கும் போயின. அந்தச் சுருக்கத்தைப் போக்க ஒரே வழி, சிறிய துவக்கில் நெடுநாள் பழகுவது. அதையும் சொன்னேன். "மானுக்கு ஒரு வெடிதானே, ஒண்டைத் தாங்கலாம்" என்றார். அன்று மாலை அவருடைய தோளில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. அக்கா எண்ணெய் தடவிக்கொண்டே, "உந்தச் சனியனை வித்துப்போட்டு வேறை ஒண்டை வாங்குங்கோவன்" என்றாள். அவர் விற்கவில்லை. அதன்பின் சுடுதளத்துக்கு வரவுமில்லை.

ஸ்கொட்லாந்தில் இரண்டாம் நாள் பிற்பகல் அந்த மானைக் கண்டோம். எங்களோடு பெரியவரும், அந்த மலையின் வேட்டைக் காவலரும், அவருடைய நாயும் இருந்தார்கள். மான் எதிர்ச்சரிவில், பள்ளத்தாக்குக்கு அப்பால் நின்றது. சமநிலத்தில் பிறந்தவனின் கண் அங்கே ஏமாறும். நடுவில் மரமோ வேலியோ இல்லாத வெளியில் தொலைவு தன்னை மறைத்துக்கொள்ளும். நானூறு யார் தொலைவு இருக்கும் என்று நான் மதிப்பிட்டேன். காவலர் அங்கிருந்து சுடவேண்டாம் என்று தலையசைத்து, ஓடையை ஒட்டி இறங்கி, அதில் பாதித் தொலைவுக்கு நெருங்கலாம் என்றார். பெரியவர் அத்தானின் துவக்கைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தத் துவக்குக்கு நானூறு ஒரு பொருட்டா என்று கேட்டார். காவலர் வாயைத் திறப்பதற்குள் அத்தான் படுத்துவிட்டார்.

அவர் உடல் சுருங்கியதைக் கண்டேன். வெடித்தது. பிறகு, ஈரச் சாக்கில் தடியால் அடித்தாற்போல் ஓர் ஒலி எதிர்ச்சரிவிலிருந்து திரும்பி வந்தது. நெஞ்சில் பட்டால் அந்த ஒலி வராது. மான் முதுகை வளைத்துக் குனிந்து, நொண்டியவாறு மேட்டைக் கடந்து மறைந்தது. வயிற்றில் பட்டிருந்தது.

சுட்டவன் பின்தொடர்ந்து போகவேண்டும். எழுதியும் எழுதாமலும் அந்த மலைகளின் சட்டம் அது. காவலர் நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அத்தானைப் பார்த்தார். பெரியவரோ, மான் மேட்டுக்கு அப்பால் இந்நேரம் விழுந்திருக்கும், காலையில் ஆள் அனுப்பி எடுக்கலாம், விருந்துக்கு ஆள்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி வண்டியை நோக்கித் திரும்பினார். அத்தான் இருவருக்கும் நடுவில் நின்றார்.

"அத்தான், வாங்கோ" என்றேன். "அது உயிரோடை கிடக்குது."

"நீயும் கேட்டனிதானே? காலமை எடுக்கலாமாம்."

"வயித்திலை பட்டால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்ல வேணுமே? நீங்கள் டொக்டர்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பெரியவரின் முதுகைப் பார்த்தார். "மச்சான், இண்டைக்கு வேண்டாம். இண்டைக்கு மட்டும் வேண்டாம்" என்று மெல்லிய குரலில் சொல்லி, துவக்கை உறையிலிட்டு, அந்த முதுகின் பின்னே நடந்து போனார்.

நானும் காவலரும் போனோம். பன்னச் செடிகளின் மேல் குருதியும் பச்சை நீரும் கலந்து சொட்டியிருந்த வழியே நாய் இழுத்துச் சென்றது. படுத்த தடம் ஒன்று, எழுந்து போயிருந்தது. இன்னொன்று, அங்கிருந்தும் எழுந்து போயிருந்தது. மூன்றாவதாக அது ஓர் ஓடையின் ஓரம், கரும்பாறை இரண்டின் இடுக்கில், நீரில் வாயை வைத்தபடி கிடந்தது. குடிக்க முயன்றிருக்கவேண்டும். எங்களைக் கண்டு எழ முயன்றது, பின்கால்கள் வரவில்லை. அதன் கண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. காவலர் தம்முடைய பழைய சிறு துவக்கால், அருகில் நின்று, முன்காலின் பின்னே, நெஞ்சில் ஒரு முறை சுட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி, தம் மொழியில் ஒரு வசைச்சொல்லை மிக மெதுவாகச் சொன்னார். மானை அவர் வையவில்லை.

நாங்கள் தங்கியிருந்த மாளிகைக்குத் திரும்பியபோது விருந்து நடந்துகொண்டிருந்தது. அத்தான் எழுந்து ஓடிவந்தார். மான் கிடைத்ததா, எங்கே கிடந்தது, எப்படிச் செத்தது என்றெல்லாம் அவர் கேட்கக்கூடும் என்று நான் எதிர்பார்த்த கணம் அது.

"கொம்பிலை எத்தினை கிளை?" என்று கேட்டார்.

அடுத்த வேனிலில் பதவி அவருக்குக் கிடைத்தது. அதே வேனிலில் தலையும் பாடம் செய்யப்பட்டு இலண்டனுக்கு வந்தது. பதவி உயர்வுக்கு வைத்த விருந்தில் அந்த வரவேற்பறை நிரம்பியிருந்தது. நாட்டிலிருந்து அண்மையில் தப்பி வந்தவர்களும், முன்னரே வந்து வேரூன்றியவர்களும் தட்டுகளோடு நின்றார்கள். அத்தான் கதை சொன்னார். நானூறு யார், ஒரே வெடி, நின்ற இடத்திலேயே விழுந்தது. "என்ன டொக்டர், நானூறு யாரோ!" என்று ஒருவர் வியந்தார். "சும்மா துவக்கே அது!" என்றார் இன்னொருவர். எல்லாரும் துவக்கின் விலையையும் ஆற்றலையும் பற்றிப் பேசினார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அத்தான், அது எங்கை விழுந்தது? அந்த இடம் எப்பிடி இருந்தது எண்டு சொல்லுங்கோ."

அவர் சுவரிலிருந்த தலையைத் திரும்பிப் பார்த்தார். தாம் நடந்து போகாத இடத்தை எவராலும் விவரிக்க முடியாது. அக்கா அடுக்களை வாயிலில் நின்று, "தம்பி, சோறு ஆறுது, வா" என்றாள். அத்தான் சிரிக்க முயன்று, "வாத்தி எங்கையும் வாத்திதான்" என்றார். சிலர் நன்றியோடு சிரித்தார்கள். நான் உண்ணாமல் வெளியேறினேன். அதன்பின் அவரும் நானும் அக்காவுக்காக ஒரே கூரையின்கீழ் இருந்த பொழுதுகள் உண்டு. பேசிய பொழுதுகள் இல்லை.

அன்றைய என் சினம் அத்தானோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அந்த அறையில் எவரும் என் கேள்வியைத் தம் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டுகளில் அதே வரவேற்பறையில், அதே தட்டுகளோடு, ஊரில் நடந்த போரை நாம் பேசினோம். எந்த ஆயுதம் எவ்வளவு தொலைவு போகும் என்று பேசினோம். சுட்ட செய்தி வந்ததும் மகிழ்ந்தோம், அல்லது கொதித்தோம். குண்டு போய்ச் சேர்ந்த இடத்தில் யார் கிடந்தார், எத்தனை முறை எழுந்து எழுந்து விழுந்தார், நீர் கேட்டாரா என்று கேட்டவர்கள் மிகச் சிலர். கேட்டவர்களுக்குச் சோறு ஆறுகிறது என்று நினைவூட்டினோம். நெடுந்தொலைவு என்பது ஒரு வசதி. சுட்டவனும் அவன் கதையைக் கேட்பவனும் ஒருங்கே துய்க்கும் வசதி.

தொண்ணூறுகளின் இறுதியில் அத்தான் இறந்தார். துவக்கைக் காவல்துறை எடுத்துச் சென்றது. அந்த ஒரு வேட்டைக்குப் பின் அது பெட்டியைவிட்டு வெளியே வந்ததில்லை என்று அக்கா சொன்னாள். ஆண்டுகள் கழித்து அந்த வீட்டை விற்கும்போது அக்காவின் மகன், என் மருமகன், என்னைக் கூப்பிட்டான். இப்போது அவனும் மருத்துவன். ஏணியில் ஏறித் தலையைக் கழற்றிக் கீழே வைத்து, கைகளால் கழுத்து மயிரை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, சின்னனிலை இருந்து தேடுறன். எங்கை பட்டது? ஹோல் ஒண்டும் காணேல்லை."

"அதிலை இராது, தம்பி."

"அப்பா ஒரே ஷொட் எண்டுதானே சொன்னவர்?"

"ஓம். அவர் சுட்டது ஒண்டுதான்."

அவன் மருத்துவன், அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு ஒரு திருகாணிச் சுழற்றியை எடுத்துவந்து, பித்தளைத் தகட்டைத் தானே கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். "நீங்கள் கொண்டு போங்கோ மாமா" என்றான்.

அந்தத் தலை இப்போது எட்மண்டனில் என் அறையில், சுவரில் ஏற்றப்படாமல், தரையில் சாய்ந்து நிற்கிறது. வருவோர் கொம்புகளை வியக்கிறார்கள். பிறகு குனிந்து காயத்தைத் தேடுகிறார்கள். யார் சுட்டது, எந்தத் துவக்கு, எவ்வளவு தொலைவு என்று கேட்கிறார்கள். நான் அவற்றுக்கு விடை சொல்வதற்கு முன், ஓர் ஓடையையும், அதன் ஓரத்துக் கரும்பாறைகள் இரண்டையும், நீரில் வைத்த வாயையும் சொல்லத் தொடங்குகிறேன்.