அல்லது அம்மா

லிஃப்ட் பொத்தானை மூன்று தடவை அழுத்திவிட்டு, அது வராது என்று உறுதியான பிறகே படியேறுவார். இரண்டு வருஷமாகத் தினமும் இதே கதைதான். "நாட்டையே ஓட்டினீங்க, இந்தப் பெட்டியை ஓட்ட முடியலையேம்மா" என்று காவலாளி சீண்டுவார். "நாடும் இப்படி நின்னு நின்னுதான்யா போச்சு" என்பார் அவர், மூச்சு வாங்கியபடி. வீடு நான்காவது மாடியில். வயது எழுபத்தெட்டு.

நாட்டின் முதல் பெண் பிரதமர் என்று அவரைப் பற்றிப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. பக்கத்திலேயே படமும் உண்டு. அதற்கு மீசை வரையாத பிள்ளை அந்தக் கட்டடத்தில் கிடையாது. ஒருத்தனைக் கையும் களவுமாகப் பிடித்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான். "எடுப்பாத்தான்டா இருக்கு. இது அப்பவே இருந்திருந்தா வாசல்ல நிக்க வச்சிருக்க மாட்டாங்க" என்றார்.

வாசலில் நிறுத்தியது, அவர் உறுப்பினராகி நாடாளுமன்றச் சபைக்குப் போன முதல் நாள். "உறுப்பினருங்க வீட்டம்மாவெல்லாம் பார்வையாளர் மாடிக்குப் போங்க" என்றாராம் வாயிற்காவலர். "வீட்டுக்காரர் வீட்டுல இருக்கார். உறுப்பினர் நான்தான்" என்று சொல்லிவிட்டு, கதவைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே போனாராம்.

பதவி இரண்டே வருஷம். கூட்டணி கவிழ்ந்தது, கார் போனது, கும்பிட்ட கைகளும் போயின. மிஞ்சியது ஒரே ஒரு சொல். விண்ணப்பங்களில் 'தந்தை பெயர்' என்றிருந்த கட்டத்தை, 'தந்தை அல்லது தாய் பெயர்' என்று சட்டம் போட்டு மாற்றியிருந்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் 'அல்லது அம்மா' என்று பட்டம் கட்டிச் சிரித்தார்கள். அவருக்கு அது பிடித்துப்போனது. தொலைபேசியை எடுத்தாலே, "அல்லது அம்மாதான் பேசறேன்" என்பார்.

இத்தனை வருஷம் கழித்து, அன்று அந்தச் சொல்லை நீக்கச் சபையில் வாக்கெடுப்பு. காலையிலிருந்து பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டார். பாதிப் பேர் எடுக்கவில்லை. ஒருகாலத்தில் அவரிடம் செயலாளராக இருந்து இப்போது அமைச்சராகிவிட்டவர் மட்டும் பேசினார். "மனசு உங்ககிட்டதான் இருக்கும்மா. கைதான் கட்சிகிட்ட மாட்டிக்கிச்சு."

"கையைத்தானே தம்பி எண்ணுவாங்க?"

பன்னிரண்டு மணிக்கு வானொலி முடிவைச் சொன்னது. எதிர்த்தவர்கள் பதினோரு பேர். அடுத்த மூச்சில் மழை வருமா வராதா என்று ஆரம்பித்துவிட்டார்கள். கூட இருக்கும் தங்கை மகள் வானொலியை அணைத்தாள். "பெரியம்மா, ஒரு வாய் சாப்பிடுங்க."

"ஒரு சொல்லுடி. ஒத்தைச் சொல்லு. அதைத் தூக்க இத்தனை கையா?"

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுத் தையல்காரி, கையில் மகளின் பள்ளி விண்ணப்பம். அந்தக் கட்டடத்தில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் நிரப்பித் தருவது அவர்தான்.

"நாளைக்குக் கடைசி நாளாம்மா. காலையிலேயே புதுசு குடுத்துட்டாங்க. எல்லாக் கட்டமும் நிரப்பினாத்தான் பிள்ளையைச் சேத்துக்குவாங்களாம்."

படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். வாக்கெடுப்புக்கு முன்னாலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். 'அல்லது' இல்லை. தாய்க்குக் கட்டமே இல்லை.

தையல்காரி வயிற்றுப் பிள்ளையோடு தனியாகக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. விட்டுப்போனவன் யார், எவன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

பிள்ளையின் பெயரை எழுதினார். பிறந்த தேதியை எழுதினார். மூன்றாவது கட்டத்தின்மேல் பேனா நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு, காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே, மெதுவாகக் கேட்டார்:

"அவன் பேரு என்னம்மா?"