கையெழுத்து எல்ஸ்பெத்துடையது

கிளாஸ்கோ அலுவலகத்தின் நான்காம் மாடியில் எனக்கு அடுத்த மேசை எல்ஸ்பெத் கில்கிறிஸ்ட்டுடையது. வீடுகளுக்கு மின்சாரமும் எரிவாயுவும் விற்க வரும் கம்பெனிகளின் விண்ணப்பங்களைப் பார்த்து உரிமம் கொடுக்கும் பிரிவு எங்களுடையது. அந்த நாட்களில் நூலகத்தில் உறுப்பினராகச் சேர இரண்டு முகவரிச் சான்று கேட்பார்கள். இரண்டு லட்சம் வீடுகளுக்கு மின்சாரம் விற்க ஒரு படிவம் போதும். கம்பெனிகள் பெருகினால் விலை தானாக இறங்கும் என்று மேலே முடிவு செய்திருந்தார்கள்.

எல்ஸ்பெத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. படிவத்தைக் கடைசி வரி வரை படிக்கும் கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு.

ஒருநாள் 'சிரிக்கும் கெட்டில்' என்றொரு கம்பெனியின் படிவம் வந்தது. முதலாளி டோரியன் பெல்லுக்கு வயது இருபத்தேழு. அதற்கு முன் மாதச் சந்தாவில் காலுறை விற்றவன். குளிர்காலத்துக்கு வேண்டிய எரிவாயுவை முன்கூட்டியே வாங்கி வைப்பீர்களா என்ற கேள்விக்கு, 'சந்தையை நாங்கள் நம்புகிறோம்' என்று எழுதியிருந்தான். விலை ஏறினால் இந்தக் கம்பெனி ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது என்று எல்ஸ்பெத் இரண்டு பக்கம் குறிப்பு எழுதினாள்.

பிரிவுத் தலைவர் ஃபெர்கஸ் லோரிமர் அவளைக் கூப்பிட்டார். அவர் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"எல்ஸ்பெத், கதவைத் திறந்து வைக்கிறதுதான் நம்ம வேலை. உள்ள வர்றவனுக்கு நாடி பிடிச்சுப் பார்க்கிறது இல்ல."

"விழுந்தா யாரு தூக்குறது?"

"அதுக்குத்தான் விதி எழுதி வச்சிருக்கே."

அவள் கையெழுத்துப் போட்டாள். கெட்டில் நாட்டிலேயே மலிவான விலை சொன்னது. ஃபெர்கஸ் மேடைதோறும் அதை உதாரணம் காட்டினார்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் எரிவாயு விலை பல மடங்கு ஏறியது. கம்பெனிகள் வாரத்துக்கு இரண்டாய் விழுந்தன. சிக்கனம் கருதி, விழுந்தவர்களை வெளியே அனுப்பும் வேலையையும் எல்ஸ்பெத்தின் மேசைக்கே தள்ளினார்கள். வாசலில் வரவேற்றவளே வழியனுப்பவும் வேண்டும்.

கம்பெனி மூடிவிட்டது என்று கெட்டிலின் வக்கீல் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கடிதம் அனுப்பினார். டோரியன் மன அமைதி தேடி போர்ச்சுகல் போயிருந்தான். விதிப்படி, திங்களுக்குள் கெட்டிலின் எல்லா வீடுகளையும் ஒரு பெரிய கம்பெனியிடம் ஒப்படைத்தாக வேண்டும். வந்த பட்டியலில் தெருப்பெயர் இருந்தது, மீட்டர் எண் இல்லை. அதில் பதினோராயிரம் வீடுகள் முன்பணம் ஏற்றி மின்சாரம் வாங்குபவை. எண் இல்லாவிட்டால் பணம் ஏறாது, வீடு இருண்டுவிடும்.

சனிக்கிழமை காலை எல்ஸ்பெத் ரயிலேறி பெய்ஸ்லியிலிருந்த கெட்டில் அலுவலகத்துக்கே போனாள். உள்ளே ஊஞ்சலும் சறுக்குமரமும் இருந்தன, ஆட்கள் இல்லை. ஒரு மூலையில் ஷோனா மெக்காஸ்கில் என்பவள் மட்டும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். கடந்த புதன்கிழமையோடு வேலை முடிந்தது என்று அவளுக்கும் சொல்லியாயிற்று.

எல்ஸ்பெத் கேட்டாள்: "அப்புறம் ஏன் வந்தீங்க?"

"போன் அடிக்குதே. குழந்தைக்குப் பால் சுட வைக்க முடியாமப் போயிடுமான்னு ஒரு பொம்பள அழுவுறா. எங்க விளம்பரத்துல வர்ற மாதிரி சிரிச்சிட்டு வச்சிடவா?"

கம்பெனியின் கணினி தப்புத் தப்பாகக் காட்டுகிறது என்று, மீட்டர் எண்களைத் தானே சரிபார்த்துத் தனிப் பட்டியல் வைத்திருந்தாள் ஷோனா. சாயங்காலம் வரை இருவரும் உட்கார்ந்து அதை ஒழுங்குபடுத்திப் பெரிய கம்பெனிக்கு அனுப்பினார்கள். திங்களன்று ஒரு வீடும் இருட்டாகவில்லை.

செவ்வாயன்று நான் எல்ஸ்பெத்தைப் பாராட்டினேன். அவள் தேநீரைக் கலக்கிக்கொண்டே, "குறிப்பு எழுதினேன்னு எல்லாரும் சொல்றீங்க. கையெழுத்தும் நான்தானே போட்டேன்" என்றாள்.

கெட்டில் விழுந்த செலவை நாட்டிலுள்ள எல்லார் பில்லிலும் பிரித்துப் போட்டார்கள். ஃபெர்கஸுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. டோரியன் வெயிலில் சிவந்து திரும்பி, 'தோல்வி கற்றுத்தந்தவை' என்று கருத்தரங்குகளில் பேசினான்.

ஷோனா அந்தப் பெரிய கம்பெனியில் வேலை கேட்டாள். அனுபவம் போதாது என்றார்கள். அதைக் கேள்விப்பட்ட எல்ஸ்பெத், வாழ்க்கையில் முதல்முறையாக ஃபெர்கஸின் அறைக்கதவைத் தட்டாமல் திறந்து உள்ளே போனாள். என்ன பேசினாள் என்று தெரியாது. இப்போது எங்கள் பிரிவில், புதிய விதிப்படி விண்ணப்பதாரர்களை நேரில் வைத்துக் கேள்வி கேட்பது ஷோனாதான். பேச்சில் மரியாதை போதவில்லை என்று இதுவரை நான்கு புகார்கள் வந்திருக்கின்றன. அவற்றையும் எல்ஸ்பெத் கடைசி வரி வரை படித்தாள். படித்துவிட்டு, ஷோனாவை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட்டாள்.