டீசல் லாரிக்குச் சுற்றிய ஆலம்

“நிறுத்துங்கக்கா! அவரு சாமிய அவமதிச்சாருன்னு இன்னொரு தடவ சொன்னீங்க, இந்தக் கொடத்த உங்க தலையிலயே கவுத்துருவேன்!”

தெருக்குழாயடியில் செவ்வந்தி போட்ட சத்தத்தில் காக்கைகளெல்லாம் பறந்தன. பக்கத்து வீட்டு அம்சம் மட்டும் அசையவில்லை.

“பின்ன என்னடி? காளியம்மன நெனச்சு நான் ஏத்துன கற்பூரத்த ஒம் புருசன் துண்டப் போட்டு அமுக்கிட்டான். கறுப்புத் துண்டு வேற! சாமி இல்லேங்கிற கூட்டத்துல சேந்துட்டான்னு ஊரே சொல்லுது.”

“அது வெள்ளத் துண்டுக்கா. கிரீஸ் பட்டுக் கறுத்துப் போச்சு!”

ஊர் சொல்லும். அவள் புருஷன் இளையபெருமாளைப் பற்றி ஊருக்கு என்ன தெரியும்? பண்ணைச் சேற்றில் பிறந்தவன். ரைஸ் மில் லாரியைக் கழுவிக் கழுவியே ஓட்டக் கற்றுக்கொண்டவன். நில உச்சவரம்புச் சட்டத்தில் இந்தத் தெருவுக்கு நிலம் கிடைத்ததும் பண்ணையாருக்கு வயிறு எரிந்தது. தம் மோட்டார் தண்ணீரை நிறுத்திவிட்டார். ஆற்றிலும் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் இறைக்க விவசாயிகள் சங்கத்து டீசல் என்ஜின்தான் கதி. டீசல் கொண்டுவர ஒரு லாரியின் முதுகில் இரும்புத் தொட்டியை ஏற்றி, அவனிடம் சாவியைக் கொடுத்தது சங்கம்.

சாவியோடு சட்டமும் வந்தது. தொட்டி ஓட்டத்தில் அசையாதபடி பட்டை போட்டு முடுக்கியிருக்க வேண்டும். டீசல் இறக்கும்போது வண்டி அணைந்திருக்க வேண்டும். கிட்டத்தில் பீடி நெருப்புகூட ஆகாது. இதில் ஒன்று தப்பினாலும் லாரி பறிபோய்விடும். லாரி போனால் முதல் குறுவைப் பயிரே கருகும். “இவனுங்களுக்கு எதுக்கு நெலம்?” என்று கேட்கப் பண்ணையார் காத்துக்கொண்டிருந்தார்.

லாரி முதன்முதலாகத் தெருவுக்குள் நுழைந்தபோது பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. புது வண்டிக்குத் திருஷ்டி கழிக்க வேண்டாமா? அவன் தொட்டி மூடியைத் திறந்து குழாயை இறக்கிக்கொண்டிருக்க, கொழுந்துவிட்டெரியும் கற்பூரத்தட்டோடு ஓடிவந்தாள் அம்சம்! குதித்தான், அமுக்கினான். நடந்தது அவ்வளவுதான்.

அன்றைக்கே தெரு கூடியது. “கற்பூரம் காட்டாத வண்டி டீசல் எங்க வயலுக்கு வேணாம்!”

“கோயில்ல காட்டுங்க, நானும் விழுந்து கும்புடுறேன். தொட்டிகிட்ட மட்டும் முடியாது” என்றான் அவன்.

இரண்டு பக்கமும் இறங்கி வரவில்லை. நாற்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

குழாயடியில் செவ்வந்திக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. “ஏக்கா, கல்யாணப் பொண்ணுக்கு மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு கரைச்சு ஆலம் சுத்துறோமே, அதுல கற்பூரம் வச்சாத்தான் திருஷ்டி போவுமா?”

அம்சம் இடுப்புக் குடத்தை இறக்கி வைத்தாள். “எங்கம்மா வச்சதே இல்லடி…”

“அப்புறம் என்னக்கா?”

மறுநாள் விடிந்ததும் இளையபெருமாள் சாவியோடு வாசற்படி தாண்டினான். லாரியைச் சுற்றித் தெருவே திரண்டு நின்றது! தட்டுத் தட்டாகச் செக்கச்சிவந்த ஆலம். ஒன்றிலும் பொட்டு நெருப்பில்லை. எல்லாருக்கும் முன்னால் நின்று அம்சம் அதட்டிக்கொண்டிருந்தாள்:

“வாயில பீடி வச்சிருக்கவன்லாம் அந்தாண்ட போங்கடா! எங்க வண்டிக்காரரு வர்றாரு!”