குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை வரும்

எமெக்கா இறந்த செய்தி கைப்பேசியில் வந்தது. தப்பும் தவறுமாக வந்தது. டாலாவிலிருந்து யாங்கோனுக்கு வரும் காலைப் படகில் ஏறி, வழக்கம்போல் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். தாமுவேயில் நான் வேலை பார்க்கும் ஆங்கில வகுப்பு நிலையத்தின் முகநூல் பக்கத்தில் அவர் படம் போட்டிருந்தார்கள். பின்னால் அமெரிக்கக் கொடி. கீழே பர்மிய எழுத்தில், "எங்கள் அமெரிக்க ஆசிரியர் மிஸ்டர் எரிக் காலமானார்" என்றிருந்தது. காலமானார் என்பது மட்டும் உண்மை.

அவர் பெயர் எரிக் அல்ல. அவர் அமெரிக்கரும் அல்ல, நைஜீரியர். ஆசிரியர் வேலைக்குப் படித்தவரும் அல்ல. இந்த ஊருக்குக் கால்பந்து விளையாட வந்தவர்.

நிலையத்தின் உரிமையாளர் ஊ ரத்தினத்தை நாம் எல்லோரும் மாமா முறை வைத்து ஊலே என்றுதான் கூப்பிடுகிறோம். நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்.

"நீதாம்மா பட்டதாரி. தமிழும் நல்லா எழுதுவ. நம்ம புள்ளைங்களப் பெத்தவங்க படிச்சி அழணும். ஊரு பேரு மட்டும் போடாத."

"எந்த ஊரு பேரு, ஊலே?"

"அதத்தான் போடாதன்னு சொல்றேன்."

ஆகவே இது மலரில் வராது. பெற்றோர் குழுவில் நானே போடுகிறேன். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள், தெரியாத பிள்ளைகளுக்குப் பர்மியத்தில் சொல்லுங்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை.

அவர் எப்படி அமெரிக்கர் ஆனார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். முழங்கால் போய், கிளப் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விட்டபிறகு, லேசாக நொண்டிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். நல்ல ஆங்கிலம் பேசினார். "நைஜீரிய ஆசிரியர்" என்று சுவரொட்டி போட்டோம். ஒரு வாரம் ஒருவரும் சேரவில்லை. தொலைபேசியை எடுப்பது என் வேலை. ஒரு அம்மா கேட்டார்: "கப்பலிகிட்டயா எம்புள்ளய அனுப்பச் சொல்ற?" அந்த அம்மா இந்தக் குழுவில் இருக்கிறார், பெயர் சொல்லவில்லை. தெருவில் யாராவது இந்தியர் என்று இழித்து நம்மைக் 'கலா' என்றால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்குவதில்லை நமக்கு. அந்த நாம்தான் கறுப்பர் என்று இழித்து அவரைக் கப்பலி என்றோம்.

எட்டாம் நாள் ஊலே புதுச் சுவரொட்டி அடித்தார். அதே படம், பின்னால் கொடி, பெயர் எரிக். மூன்று நாளில் வகுப்பு நிறைந்தது. முதலில் வந்தது அதே அம்மாதான். "அமெரிக்காக்காரன் கறுப்பா இருந்தா என்ன, படத்துல பாக்காததா" என்றார். எனக்கு அப்போது கோபம் வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பசை தடவி அந்தச் சுவரொட்டியை ஒட்டியவள் நான்.

அவர் வேடம் போடுவதற்காக அமெரிக்காவைப் படிக்கவில்லை. அந்தப் பைத்தியம் அவருக்கு முன்பே இருந்தது. மின்சாரம் இருக்கும் நேரத்தில் கைப்பேசியில் காணொளிப் படங்களை இறக்கி வைத்துக்கொள்வார், இடைவேளையில் பார்ப்பார். எல்லாம் அமெரிக்காவில் குடியேறிய நைஜீரியர்கள் எடுத்தவை. ஒரு பெண் கடைக்குப் போய்ப் பால் வாங்குகிறாள். ஒருவர் காரின் மேல் விழுந்த பனியைச் சுரண்டுகிறார். ஒரு குடும்பம் பிரித்த பொருளைக் கடையில் திருப்பிக் கொடுக்கிறது, கடைக்காரர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அந்த இடத்தை மட்டும் நாலு தடவை பார்ப்பார்.

நாங்கள் பேசியது ஆங்கிலமும் பர்மியமும் கலந்தது. இங்கே தமிழில் தருகிறேன். ஆசிரியையை அழைப்பதுபோல் என்னைச் சயாமா என்பார், நான் அவரை ஆசிரியர் என்ற பொருளில் சயா என்பேன். ஒருநாள் சொன்னார்: "எங்க ஊர்ல வீடு பூரா உக்காந்து இதத்தான் பாப்போம், சயாமா. உயரக் கட்டடம் வந்தா தள்ளிவிட்டுடுவோம். குப்பைய எங்க கொண்டுபோய் வைக்கறாங்க, எந்தக் கிழமை வண்டி வருதுன்னு பாப்போம்."

"குப்பையில என்ன இருக்கு, சயா?"

"கட்டடத்தத் தெரிஞ்சவன் சுத்திப் பாக்கப் போறவன். குப்பைய எங்க வைக்கணும்னு தெரிஞ்சவன் வாழப் போறவன்."

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் இடைவேளையில் படம் பார்க்க மாட்டார். படிக்கட்டில் நின்று தொலைபேசியில் பேசுவார். தம் மொழியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்பார். யாரோ ஒரு பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா போட்டாதாங் துறைமுகக் கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர். பல்கலைக்கழக அலுவலகத்தில் எந்த ஜன்னலில் போய் என்ன கேட்க வேண்டும் என்றுகூட எனக்குச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஒருவர் சின்னச் சின்ன விஷயங்களை வரிசையாக எடுத்துச் சொன்னால் நான் மயங்கிவிடுவேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் அமெரிக்கன் இல்ல, உனக்கே தெரியும். ஆனா ஆறு வருஷம் ஹூஸ்டன்ல இருந்தேன். யார்கிட்டயும் சொல்லாத." ஊருக்கு ஒரு பொய் இருந்தது. எனக்கென்று தனியாக ஒன்று செய்து கொடுத்தார். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

உங்களில் பலர் நேரில் பார்த்த வகுப்பு ஒன்று உண்டு. நாற்சந்தி வகுப்பு. நாற்காலிகளை நான்கு திசையிலும் போட்டு, பிள்ளைகளை ஓட்டுநர்களாக உட்கார வைத்தார். அமெரிக்காவில் விளக்கு இல்லாத நாற்சந்தியில் எல்லோரும் நிற்க வேண்டும், முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்றார். கீழே தாமுவே சந்தியில் ஒருவரும் ஒருவருக்காகவும் நிற்காமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நாலு பேரும் ஒண்ணா வந்துட்டா, சயா?" என்று ஜோதி கேட்டாள்.

"ஒருத்தர ஒருத்தர் பாத்து, நீங்க போங்கன்னு கையக் காட்டுவாங்க."

"யாருமே போகலன்னா? சாயங்காலம் வரைக்கும் கையக் காட்டிக்கிட்டே இருப்பாங்களா?"

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். வாசலில் நின்ற ஒரு அப்பா மட்டும் சிரிக்காமல் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "அங்கயே பொறந்து வளந்தவனாலதான் இப்படிச் சொல்ல முடியும்."

எனக்கு அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. தாவரவியல், நெற்பயிர் நோய்கள். படிப்புக்கு அவர்களே உதவி தருவதாக எழுதியிருந்தார்கள். மிச்சமிருந்தது விசா நேர்காணல் ஒன்றுதான். அதற்கு என்னைத் தயார் செய்தவர் எமெக்கா. ஆறு வாரம் பாடம் நடந்தது. குளிர்கோட்டை அக்டோபரிலேயே பழைய துணிக் கடையில் வாங்க வேண்டும். துணி துவைக்கும் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாது, கூட்டம். குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை வரும், முந்தின மாலையே தொட்டியை வெளியே வைத்துவிட வேண்டும். "நீ அங்க தடுமாற மாட்டன்னு அவங்களுக்குத் தெரியணும், சயாமா" என்பார். எனக்கு எல்லாம் மனப்பாடம் ஆனது.

தூதரகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். புதிய இடத்தில் எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார். நான் பேசினேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்நியர் ஒருவரிடம் தடையில்லாமல் பேசினேன். கோட்டு, துணிக் கடை, குப்பைத் தொட்டி எல்லாம் சொன்னேன். அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை."

"படிப்பு முடிந்து இங்கே திரும்பி வந்து என்ன செய்வாய்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையில் இருந்திருக்க வேண்டும். டாலாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல், வருடா வருடம் கருகும் பயிர், அதற்காகத்தான் அந்தப் படிப்பையே கேட்டேன். ஆனால் ஆறு வாரத்தில் அந்தக் கேள்வியை நாங்கள் ஒருமுறைகூடப் பேசவில்லை. எமெக்கா பார்த்த படங்களில் யாரும் திரும்பி வருவதில்லை.  அந்தப் பெண் விசா இல்லை என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார். மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரி எழுதியது. அதற்குள் நம் நாட்டுக்காரர்கள் எல்லோருக்குமே அமெரிக்கா அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

நடந்ததைச் சொன்னபோது எமெக்கா மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்கிட்டயும் அதேதான் கேட்டாங்க" என்றார்.

"எப்ப?"

"லாகோஸ்ல. ரெண்டு தடவ. ரெண்டு தடவையும் கோட்டு, தொட்டின்னு இதே பதில், இதே தாள்."

"அப்ப ஹூஸ்டன்?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இந்தப் பதிலுக்குத்தான் இல்லன்னாங்கன்னு தெரிஞ்சும் எனக்கு ஏன் அதையே சொல்லிக் குடுத்தீங்க?"

"பதில் தப்புன்னு நான் நெனைக்கல, சயாமா. கேட்ட ஆள் தப்புன்னு நெனைச்சேன். உனக்கு வேற ஆள் கிடைப்பாங்கன்னு இருந்தேன்."

பிறகு எட்டு மாதம் நான் அவரிடம் பேசவில்லை. சத்தம் போட எனக்குத் தெரியாது. என் நாற்காலியை ஜன்னல் பக்கம் மாற்றிக்கொண்டேன். காலையில் டீக்கடையிலிருந்து ஈச்சாக்குவே வாங்கி வந்து, பாதியைப் பிய்த்துத் தாளில் சுற்றி என் மேசையில் வைப்பார். எண்ணெயில் பொரித்த அந்த மாவுத்துண்டைக் கீழே கொண்டுபோய், அவர் பார்க்கும்படி, நாய்க்குப் போடுவேன். மறுநாளும் வைப்பார். மறுநாளும் போடுவேன். அதற்காக இப்போது வருந்துகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை.

மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் இறந்தார். ஊலே அங்கேயும் படிவத்தில் அமெரிக்கர் என்று எழுதிக் கொடுத்திருந்தார். பழக்கத்தில் எழுதிவிட்டேன் என்கிறார். ஆஸ்பத்திரிக்காரர்கள் அமெரிக்கத் தூதரகத்துக்குத் தகவல் சொன்னார்கள். அப்படி எங்கள் ஆள் யாரும் இல்லை என்று பதில் வந்தது. இரண்டு நாள் அவர் யாருடைய ஆளும் இல்லாமல் கிடந்தார். மலர்வளையத்துக்கு வண்ணம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த உங்களில் ஒருவரும் போய்ச் சரியான பெயரைச் சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னேன். அன்பினால் அல்ல. தப்பான தாளைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

முன்பொருமுறை என் கைப்பேசியிலிருந்து அவர் தம் அக்கா என்கோசியை அழைத்திருந்தார். அந்த எண் இருந்தது. அழைத்துச் சொன்னேன். அவர் அழுதார். பிறகு, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்.

"யாங்கோன்ல, பெரிய ஆஸ்பத்திரி."



"யாங்கோன் எந்த மாநிலத்தில இருக்கு?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, இது அமெரிக்கா இல்ல. பர்மா. அவர் இங்க இருந்து எங்கயும் போகல."

"போன வருஷமே போய்ட்டேன்னானே. வீடு பிடிச்சிட்டேன், குப்பை வண்டி செவ்வாக்கெழம வரும்னு சொன்னானே. எங்கம்மா ஒவ்வொரு செவ்வாயும் போன் போட்டு, தொட்டிய வெளிய வச்சியா, வச்சியான்னு கேப்பாங்க. வச்சிட்டேன், வச்சிட்டேம்பான்." பிறகு கேட்டார்: "அம்மாகிட்ட நான் என்ன சொல்ல?"

"உள்ளதச் சொல்லுங்க" என்றேன். அவர் தொடர்பைத் துண்டித்துவிட்டார். நான் சொன்னது சரியா என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் மனம் இளகிவிட்டது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். என் கோபம் கூடத்தான் செய்தது. அம்மாவுக்கு ஒரு வீடு, உங்களுக்கு ஒரு கொடி, எனக்கு ஒரு ஹூஸ்டன். யார் எதைக் கேட்க ஆசைப்பட்டார்களோ அதைக் கொடுத்தார். நாம் எல்லோரும் வாங்கிக்கொண்டோம். நைஜீரியா எப்படி இருக்கும் என்று அவரிடம் நீங்கள் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவருடைய வகுப்பை ஊலே எனக்குக் கொடுத்தார். படி ஏறும்போதே பார்த்தேன், புதுச் சுவரொட்டி. என் படம், அதே கொடி, "அமெரிக்காவில் பயின்ற ஆசிரியை".

"ஊலே, நான் போகவே இல்லியே."

"போனவளவிட உனக்குத்தாம்மா நல்லாத் தெரியும். யார் போய்ப் பாக்கப் போறாங்க? சும்மா சிரிச்சிக்கிட்டு நில்லு."

உள்ளே போனேன். பிள்ளைகள் எனக்காக நாற்காலிகளை நாற்சந்தியாகப் போட்டு வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு பேரும் நான்கு பக்கமும் நின்ற வண்டிகளாக உட்கார்ந்திருந்தார்கள். ஜோதி கேட்டாள்: "சயாமா, நீங்க அங்க எத்தன வருஷம் இருந்தீங்க?"

பதில் எனக்குத் தெரியும். கோட்டிலிருந்து தொட்டிவரை எல்லாம் தெரியும். ஆறு வருஷம் என்று சொன்னால் அந்த அறையில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. அவர் இந்த இடத்தில் எப்படி நின்றிருப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது. அது எவ்வளவு எளிது என்பதும்.

"நான் அமெரிக்கா போனதில்ல" என்றேன். "எரிக் சயாவும் போனதில்ல. அவர் பேர் எமெக்கா. அவர் ஊர் நைஜீரியாவில இருக்கு."

யாரும் யாருக்கும் கையைக் காட்டவில்லை. ஜோதி முதலில் எழுந்து தன் நாற்காலியை நேராகப் போட்டாள். அந்த வாரமே பதினான்கு பேர் நின்றுவிட்டார்கள். அவர்களைப் பெற்றவர்கள்தான் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். மீதி எட்டுப் பேர் வருகிறார்கள். இதைப் படித்தபிறகு ஊலே எனக்கு வகுப்பு தருவாரா என்பது தெரியாது.

எமெக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். "நான் அங்கே போனதில்லை" என்பது. அவர் வாயிலிருந்து ஒருநாளும் அது வந்ததில்லை. அவர் பயன்படுத்தாமலே விட்டு வைத்ததால், எனக்குக் கிடைத்தபோது புத்தம் புதிதாக இருந்தது.