ஆதார் என்றால் ட்வின்

அந்தக் காகிதக் குடையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். விரல் நீளம்தான் இருக்கும். ஏழு வண்ணம். இளநீரில் ஏதோ சிவப்புச் சாற்றைக் கலந்து, டம்ளர் விளிம்பில் அந்தக் குடையைச் செருகி, வந்து இறங்குகிறவர்கள் கையில் கொடுப்போம். எல்லோருக்கும் இல்லை. வெளிநாட்டிலிருந்து இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ ஜோடியாக வந்தால் மட்டும். மற்றவர்களுக்கு அன்னாசித் துண்டு.

அந்தமானில், ஹேவ்லாக் தீவில் கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் பதினோரு வருஷமாக ரிசப்ஷன் என் பொறுப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் மெயின்லேண்டில் இருக்கும் முதலாளிக்கு ஞானோதயம் வந்தது. ஆணும் ஆணுமாக ஊர் சுற்றுகிற ஜோடிகள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள், அவர்களை நம் கடற்கரைக்கு வரவழைக்க வேண்டும் என்றார். வெப்சைட்டில் வானவில் கொடி ஏறியது. ரிசப்ஷன் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பயிற்சி கொடுக்க ஒருவர் விமானத்தில் வந்தார். 'மேடம் எங்கே' என்று கேட்கக் கூடாது, முறைக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் ஆட்கள் நன்றாகத் தலையாட்டினார்கள். அன்று மதியமே கேன்டீனில் ஒருவன் இடுப்பை ஒடித்து நடந்து காட்ட, மேஜை குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் கவனிப்பார்கள் என்ற பயம்.

ஏனென்றால் நானும் அப்படிப்பட்டவன்தான். போர்ட் பிளேரில், லம்பா லைனில் ஒரு மாடி வீட்டில் பன்னிரண்டு வருஷமாக ஒருவனோடு வாழ்கிறேன். அவன் கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் எலெக்ட்ரீஷியன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவன். நான் ஹேவ்லாக்கிலிருந்து லீவில் வரும் நாட்களில் வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடக்கும். கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் அவன் என் பெரியம்மா மகன் என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஒருவன் கழுத்தில் சிலுவை, இன்னொருவன் நெற்றியில் திருநீறு, இது என்ன பெரியம்மா என்று அந்தத் தெலுங்கு அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. தீவில் எல்லாம் கலந்துதான் கிடக்கிறது என்று விட்டிருப்பார்.

அந்தக் கொடியை என்னைவிட அவன் நம்பினான். போனில் வெப்சைட்டைத் திறந்து, இரண்டு வெள்ளைக்காரர்கள் கைகோத்துக்கொண்டு மணலில் நடக்கிற படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"ஒரே ஒரு நாளு எனக்கு அங்க ரூம் போடு ல. பகல்ல, வாசல் வழியா போவணும். ஒரே கட்டில்ல படுக்கணும். அங்க மட்டும் எவன்கிட்டயும் பெரியம்மா மவன்னு சொல்லப்பிடாது."

பன்னிரண்டு வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அது. சீசன் முடியட்டும், மழை விடட்டும் என்று இரண்டு வருஷம் கடத்தினேன்.

கடத்தியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ரிசார்ட்டில் கட்டில்கள் எல்லாமே ஒற்றைக் கட்டில்கள். இரண்டை ஒட்டிப் போட்டு மேலே ஒரே விரிப்பை விரித்தால் டபுள். இழுத்துப் பிரித்து நடுவில் சின்ன மேஜையை வைத்தால் ட்வின். டபுள் என்றால் துண்டை மடித்து இரண்டு அன்னம் செய்து, மூக்கோடு மூக்கு முட்ட வைத்து, செம்பருத்தி இதழைத் தூவுவோம். ட்வின் என்றால் கட்டிலுக்கு ஒரு துண்டு யானை. பயிற்சி முடிந்த சூட்டில், படகுத்துறை கட்டுகிற வேலையாக வந்த இரண்டு கான்ட்ராக்டர்களுக்கு அன்னமும் இதழும் வைத்துவிட்டார்கள். அவர்கள் ஆபீஸ் தெரியாமல் டபுள் என்று புக் செய்திருந்தது. பெரியவர் இரண்டு அன்னங்களையும் கழுத்தைப் பிடித்துத் தூக்கிவந்து என் மேஜையில் எறிந்தார். எங்களைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது என்று கேட்டார். கூடவே ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். ஊருக்குப் போய் இன்டர்நெட்டிலும் நாறடித்தார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இதற்கு நிரந்தரமாக ஒரு வழி பண்ணு என்றார். பண்ணினேன். அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, எல்லோருக்கும் புரியட்டும் என்று இந்தியில், முத்து முத்தாக எழுதினேன். இரண்டு ஆண்கள் வந்தால், பாஸ்போர்ட் என்றால் டபுள். ஆதார் என்றால் ட்வின். ரொம்பப் பிரமாதம் என்று மேனேஜர் முதுகில் தட்டினார். விரிப்பும் துண்டும் அடுக்கிவைக்கிற அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்கள். வெள்ளைக்காரனுக்குக் காதல் உண்டு, நம் ஆளுக்குத் தூக்கம் மட்டும்தான் உண்டு என்று என் கையாலேயே சட்டம் எழுதிக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து மெயின்லேண்டிலிருந்து இரண்டு தமிழ்ப் பையன்கள் வந்தார்கள். முப்பது வயதிருக்கும். டபுள்தான் கேட்டிருந்தார்கள். ரிசப்ஷனில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்து ஒருவன் இன்னொருவனை முழங்கையால் இடித்தான். அந்த இடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆதாரை வாங்கிக்கொண்டு ட்வின் சாவியைக் கொடுத்தேன். மூன்று நாள் இருந்தார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு ஹவுஸ்கீப்பிங் அக்கா என்னிடம் வந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு வந்த குடும்பம். சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தவர். அந்த அறைத் தரையில் கட்டில் கால் இழுத்த கோடு இருக்கிறது, ராத்திரி சேர்த்துவிட்டு நாங்கள் வருவதற்கு முன்னால் காலையில் பிரித்துவைத்திருக்கிறார்கள், மூன்று நாளும், என்றார். பாவம் தம்பி, நாமே ஒட்டிப் போட்டிருக்கலாம் என்றார். கோட்டை அழித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். தாளைக் கிழிக்கவில்லை. என்மேல் எனக்கு அன்று வந்த அருவருப்பு குளித்தால் போகிற வகை இல்லை.

பத்து வருஷம் முடித்த ஊழியர்கள் மழைக்காலத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு விருந்தாளியாகத் தங்கலாம் என்று எங்களுக்கு ஒரு சலுகை உண்டு. போன ஜூனில் அவனுக்கு நாற்பது வயது ஆனது. இதற்கு மேல் தள்ள முடியவில்லை. டபுள் சொல்லியாயிற்று என்று அவனிடம் சொன்னேன். உண்மையில் அப்படி எதுவும் சொல்லவில்லை. இவன் குளிக்கப் போகும்போது சத்தமில்லாமல் நானே ஒட்டிப் போட்டுக்கொள்ளலாம், எவனுக்கும் தெரிய வேண்டாம் என்பது என் கணக்கு.

புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். படகு ஆடிய ஆட்டத்தில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். இவன் ஜன்னலோரத்தில் சிரித்துக்கொண்டே இருந்தான். ரிசப்ஷனில் என் கீழ் வேலை பார்க்கிற பெண் வரவேற்புப் பானம் கொடுத்தாள். அன்னாசித் துண்டு. இவன் டம்ளரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குடை எங்க என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். ஸ்டாக் தீர்ந்திருக்கும் என்றேன். படிவத்தில் 'உறவு' என்ற கட்டத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நிரப்பினேன். அவன் கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அறையைத் திறந்தோம். இரண்டு கட்டில், நடுவில் மேஜை, ஆளுக்கொரு யானை. அவன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஏதோ தப்பு நடந்துட்டு என்று சொல்லிவிட்டு, நான் தடுப்பதற்குள் இன்டர்காமை எடுத்துவிட்டான். ஹவுஸ்கீப்பிங் அக்காவே வந்தார். அவன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"அக்கா, நாங்க டபுள்தானே கேட்டோம். யாரு இத பிரிச்சுப் போட்டது?"

"ஆதாருன்னா ட்வின்தான் தம்பி. சார் எழுதி ஒட்டியிருக்காங்களே."

சொன்ன பிறகுதான் அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். பிறகு அவன் புதுச் சட்டையை. எல்லாம் விளங்கிவிட்டது. கெட்டிக்கார மனுஷி. மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மிகச் சாதாரணமாக, போர்வை வேண்டுமா என்பதுபோல் என்னிடம் கேட்டார்.

"சேத்துப் போட்டுரவா தம்பி? ஒரு நிமிஷ வேலை."

அவனும் என்னைப் பார்த்தான். கதவு திறந்திருந்தது. வராந்தாவில் தோட்டக்காரர் இலை கூட்டிக்கொண்டிருந்தார். பட்டப்பகல். அக்கா யாரிடமும் சொல்லக்கூடியவர் இல்லை. சொன்னாலும் எனக்கு என்ன போய்விடும்? வேலையைத் தவிர வேறு என்ன? இதையெல்லாம் இப்போது யோசிக்கிறேன். அப்போது வாய் தானாகத் திறந்தது.

"வேணாம்க்கா. இவன் என் பெரியம்மா பையன்."

அக்கா மேஜையிலிருந்து கையை எடுத்தார். சரிங்க சார் என்றார். பதினோரு வருஷத்தில், என் முகத்துக்கு நேராக அவர் என்னை சார் என்றது அன்றுதான்.

அக்கா போனதும் அவன் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் யானையைத் தள்ளி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தான். சாயந்திரம் கடற்கரைக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. மறுநாள் முதல் படகில் திரும்பினோம். கடல் அமைதியாக இருந்தது. எனக்குத்தான் வாந்தி வந்தது.

வாசலில் வீட்டுக்கார அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எப்படி இருந்தது என்று இந்தியில் அவனிடம் விசாரித்தார். நல்லா இருந்துச்சு, எங்களுக்கு ஆளுக்கொரு கட்டில் போட்டுத் தந்தாங்க என்று அவனும் இந்தியிலேயே சொன்னான். நல்ல இடம்போல என்று அந்த அம்மா மெச்சினார். அவன் என் பக்கம் திரும்பி, நான் ஏதாவது சொல்கிறேனா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். நான் பையில் சாவியைத் தேடினேன்.

மேலே போய்க் கதவைத் திறந்தேன். எங்கள் வீட்டில் ஒரே கட்டில்தான். அவன் பரணிலிருந்து பாயை எடுத்து, தூசி தட்டி, ஹாலில் விரித்தான். இன்னும் அங்கேதான் படுக்கிறான்.